எதிர்க்கை

பேருந்து தானாகவே ஓடியது. வளைவில் தானாகவே திரும்பியது. காட்டுமாடு குறுக்கே வந்தால் தானாகவே நின்று, அது புல்லை மென்று முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. இருந்தாலும் மலைப்பாதையில் போகிற எந்த வண்டியிலும் ஓர் ஆள் முன்சீட்டில் உட்கார்ந்து, கைப்பிடி ஒன்றை இறுக்கிக்கொண்டே வர வேண்டும் என்று சட்டம் இருந்தது. பிடி தளர்ந்தால் வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும். இத்தனை பேர் உயிரை வெறும் இயந்திரத்திடம் ஒப்படைக்க ஜனங்களுக்கு இன்னும் மனசு வரவில்லை. யாரோ ஒருவர் தூங்காமல், மயங்காமல், கையில் தெம்போடு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பொள்ளாச்சி–வால்பாறை வண்டியில் அந்த ஆள் கோகிலவாணி. வேலைக்குப் பேருந்து நிர்வாகம் வைத்த பெயர் முழ நீளம் இருக்கும். ஊர் வைத்த பெயர் பிடிக்காரம்மா. சும்மா உட்கார்ந்து ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளமா என்று யாராவது கேட்டால் அவள் சண்டைக்குப் போக மாட்டாள். ஓர் ஈரத்துண்டை எடுத்து, உலையில் சோறு வேகும்வரை பிழிந்த கையைத் தளர்த்தாமல் நின்று காட்டச் சொல்வாள். கேட்டவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார். ஆழியாறு அணை கீழே சுருங்கிச் சுருங்கி ஒரு தட்டு அளவுக்கு ஆவதைத் தினமும் பார்த்துக்கொண்டே மேலே ஏறுவது அவளுக்கு அலுக்கவே இல்லை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவளை எழுப்பி நடமாட வைத்தது அந்த மலைதான்.

அந்தக் கைக்குத்தான் ஆபத்து வந்தது, அதுவும் மகள் இதழினியின் கல்யாண மேடையில். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது யாரோ சிந்திவிட்டுப் போன சந்தனத்தில் கால் வழுக்கியது. மாப்பிள்ளையின் அம்மா வானதி பாய்ந்து வந்து தாங்கிப் பிடித்தாள், தட்டை. ஒரு பழம்கூடச் சிதறவில்லை. கோகிலவாணியின் வலது மணிக்கட்டு மட்டும் முறிந்தது.

இதற்காகச் சம்பந்தியம்மாள் மேல் அவளுக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. ஆனால் வானதி என்ற பெயரைக் கேட்டாலே அவள் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். ஆனைமலையில் தென்னந்தோப்புக்கு நடுவே பெரிய வீடு. தேங்காய் பறிக்க ஓர் இயந்திரம், உரிக்க ஓர் இயந்திரம். எதிலும் வானதி ஒரு படி மேலே. இவள் ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினால் அங்கிருந்து ஒரு கூடை இனிப்புக் கச்சாயம் வந்து இறங்கும். ஃபோனில் இவள் லேசாக இருமினால் சாயங்காலம் கஷாயப் பொடி வீடு தேடி வரும். கல்யாணமான கையோடு பிள்ளைகள் இருவரும் ஜப்பானுக்கு வேலைக்குப் போய்விட, வானதியின் ஃபோன் தினமும் வர ஆரம்பித்தது. எந்தப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

"கை இப்படி இருக்கறப்ப எதுக்குங்க அங்க தனியா? இங்க வந்துருங்க சம்பந்தி. இதென்ன சின்ன வீடா?"

அந்தக் கடைசி வாக்கியம் கோகிலவாணிக்குச் சுருக்கென்று தைக்கும். இவள் இருந்தது நிர்வாகம் கொடுத்த ஓர் அறைக் குவார்ட்டர்ஸ். வேலை போனால் அதுவும் போகும். அம்மா அத்தையோடு போய் இருந்தால் தனக்கும் நிம்மதி என்று இதழினி வேறு அங்கிருந்து தூபம் போட்டுக்கொண்டிருந்தாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் நாள் கணக்கில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவதா?

எலும்பு கூடிவிட்டது. தெம்பு மட்டும் கூடவில்லை. வேலையைத் தக்கவைக்க ஆண்டுத் தேர்வில், வண்டியின் முன்சீட்டு மாதிரி செய்த ஒரு பொய்ச்சீட்டில் உட்கார்ந்து, எதிரே திரையில் மலைப்பாதை ஓட, அடிவாரத்திலிருந்து ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வரை பிடியை விடாமல் இருக்க வேண்டும். பழகிப் பார்த்தபோது அவள் கை நான்காவது வளைவிலேயே கழன்றது.

அவளுக்குக் கைப்பயிற்சி கொடுத்தது நஸ்ரின். கோவை உக்கடத்துப் பெண், பிசியோதெரபி படித்துவிட்டுப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவள். வாய் ஓயாது, கையும் ஓயாது. அவள்தான் எதிர்க்கையைப் பற்றிச் சொன்னாள். அதுவும் பார்வைக்கு ஒரு கைப்பிடிதான். ஆனால் வேறெங்கோ இன்னொருவர் இதே மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பார், அவருடைய அழுத்தம் உங்கள் உள்ளங்கையில் தெரியும். யார் முதலில் விடுகிறார்கள் என்பதுதான் போட்டி.

"களைப்புங்கறது பாதி தசையில, பாதி மூளையிலக்கா," என்றாள் நஸ்ரின். "தசைக்குத் தெம்பு மிச்சமிருக்கறப்பவே மூளை போதும் போதும்னு கத்த ஆரம்பிச்சிரும். எதிர்ல ஒரு ஆளு புடிச்சிட்டிருக்காருன்னு தெரிஞ்சா அந்தக் கத்தல் காதுல விழாது."

"அப்ப களைப்பே வராதா?"

"வரும். வந்தது தெரியாது. கையை விட்டப்புறம் வட்டியோட வரும்."

முகம் தெரியாத யாரோ ஒருவரோடு போட்டி வைத்தார்கள். கோகிலவாணி ஆறாவது வளைவைத் தாண்டினாள். அவளுக்கே ஆச்சரியம். ஆனால் எதிர்க்கையின் உண்மையான வித்தை வேறு. யாரிடம் தோற்றால் உங்களால் தாங்கவே முடியாதோ, அந்த ஆளை அது கண்டுபிடித்துக் கொடுக்கும். உடம்பில் ஒயரை ஒட்டி, உங்கள் ஃபோனில் இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். எந்த முகத்துக்கு நெஞ்சு எகிறுகிறதோ அவர்தான் எதிராளி. உடுமலையில் இருக்கிற ஓரகத்திதான் வருவாள், மகனுக்கு டாக்டர் சீட்டு கிடைத்ததிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை என்று கோகிலவாணி எதிர்பார்த்தாள். ஓரகத்தியின் முகத்துக்கு நெஞ்சு சும்மா இருந்தது. வானதியின் முகம் வந்ததும் கருவி கூவியது.

நஸ்ரினுக்கு ஒரே குஷி. வானதிக்கு ஃபோன் போட்டாள். வானதி யோசிக்கக்கூட இல்லை, உடனே ஒரு கைப்பிடியை அனுப்பி வைக்கச் சொன்னாள். அங்கே அவளுக்கும் முகங்களைக் காட்டிப் பார்த்தபோது அவள் நெஞ்சு எகிறியது கோகிலவாணியின் முகத்துக்கு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைவது அபூர்வம் என்றாள் நஸ்ரின். கோகிலவாணிக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அந்தப் பெரிய வீட்டுக்காரிக்கும் என்னைக் கண்டால் உதறல்தான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் போட்டியில் கோகிலவாணி மூன்றாவது வளைவில் கையை விட்டாள். அடுத்ததில் இரண்டாவது வளைவில். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். எதிராளியே இல்லாமல் பிடித்ததைவிட நிலைமை மோசமானது.

வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறாளோ என்று நஸ்ரினுக்குச் சந்தேகம். முன்கையில் ஒயரை ஒட்டிப் பார்த்தாள். நடிப்பில்லை. விரல் தளரும் நேரத்தில் தசை நிஜமாகவே ஓய்ந்துபோயிருந்தது, மலை ஏறி இறங்கியவளுக்குப் போல. நஸ்ரின் திரையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கடைசியில் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்க ஜெயிக்கணும்னு மனசுக்குள்ள நெனைக்கறீங்களாக்கா?"

"நெனச்சாத்தான் பரவால்லயே, நிறுத்திக்கலாம்," என்றாள் கோகிலவாணி. "எனக்கு அவங்களத் தோக்கடிக்கணும்னு வெறியே இருக்குது. ஆனா கை கேக்க மாட்டீங்குது. நாங்க பொண்ணு குடுத்தவங்க கண்ணு. மாப்பிள்ள வூட்டுக்காரங்க முன்னால கையத் தாழ்த்தியே வெச்சிருக்கணும்னு எங்கம்மா சொன்னது, அவங்கம்மா சொன்னது. இந்தக் கைக்கு அது மட்டுந்தான் தெரியும் போல."

நஸ்ரின் சிரிக்கவில்லை. இந்தக் கருவியைச் செய்தவர்கள் எதிராளி என்று ஒருவர் வந்தால் ஜெயிக்கத்தான் தோன்றும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் யாரும் பெண்ணைக் கட்டிக்கொடுத்ததில்லை போலிருக்கிறது என்றாள். களைப்பை மறைக்கிற மூளைக்குக் களைப்பை வரவழைக்கவும் தெரியும் என்று அவள் படித்த புத்தகத்தில் இல்லை.

வேறு ஆளைப் போட்டுவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லாமல் போனது. எதிர்க்கையோடு பிடித்தவர்கள் எல்லாம் பிரமாதமாகத் தேறுகிறார்கள் என்று நிர்வாகத்துக்குச் செய்தி போய்விட்டது. இனிமேல் தேர்வே எதிர்க்கையோடுதான், கருவி காட்டிய எதிராளியோடுதான், ஒன்பதாவது வளைவைத் தொட்டாலும் அதற்கு முன்னால் எதிராளி கையை விட்டாலும் தேர்ச்சி என்று உத்தரவு வந்தது. அது மட்டுமில்லை. பேருந்துகளிலேயே இதைப் பொருத்திவிட்டால் பிடிக்காரர்கள் களைக்கவே மாட்டார்கள், ஓர் ஆளே இரண்டு ஆள் வேலை பார்க்கலாம் என்றும் மேலே பேச்சு நடந்தது. நஸ்ரினுக்கு அது பிடிக்கவில்லை. ராயப்பன் என்று ஒரு பிடிக்காரர் தன் மச்சானை எதிராளியாக வைத்துத் தேர்வில் வெளுத்து வாங்கினார். மறுநாள் அவர் வண்டி வழியெல்லாம் நின்று நின்று போனது. பாவம், அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போடக்கூட விரல் மடங்கவில்லை. "களைப்புங்கறது ஒடம்பு அடிக்கற மணிக்கா. மணியத் துணி சுத்திக் கட்டிட்டு, சத்தமே இல்ல பாருங்கன்னு சந்தோசப்படறாங்க," என்றாள் நஸ்ரின்.

வானதி அத்தையிடம் சொல்லிச் சீக்கிரமே கையை விடச் சொல்கிறேன் என்று இதழினி ஜப்பானிலிருந்து யோசனை சொன்னாள். கோகிலவாணிக்கு வந்த கோபத்தில் ஃபோன் சூடானது. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், எனக்காகத் தோற்றுப்போங்கள் என்று பிச்சை கேட்பதா? அதைவிடக் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். பேசி முடித்துவிட்டு அவள் அழுதாள். கை போவதற்காக அழவில்லை. அந்த மலை போய்விடுமே என்றுதான் அழுதாள்.

தேர்வு நாளன்று வானதி நேரிலேயே வந்து நின்றாள். பட்டுச்சேலை, கையில் நான்கு அடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு. தூரத்தில் இருந்து பிடிப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதாம். நிர்வாகத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளருக்குத் தூக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பொய்ச்சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டார்கள். இரண்டு சம்பந்திகளும் அக்கம் பக்கமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பிடியைப் பற்றிக்கொண்டார்கள். திரையில் மலைப்பாதை ஓட ஆரம்பித்தது.

இரண்டாவது வளைவு வரை கோகிலவாணிக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதில் முன்கை சூடேறியது. வழக்கம்போலச் சுண்டுவிரல் முதலில் காலை வாரியது, பிறகு மோதிர விரல். உள்ளங்கையில் வானதியின் அழுத்தம் கொஞ்சமும் குறையவில்லை, உடும்புப் பிடி. ஓரக்கண்ணால் பார்த்தாள். வானதியின் நெற்றி முழுக்க வியர்வை, உதட்டைக் கடித்திருந்தாள். இந்த அம்மாளுக்கு இதில் என்ன வந்தது, இத்தனை பாடுபட்டு என்னைத் தோற்கடிக்க வேண்டுமா என்று கோகிலவாணிக்கு ஆற்றாமையாக இருந்தது.

வானதி அவள் பக்கம் சாய்ந்து மெல்லப் பேசினாள்.

"முடியலீன்னா விட்டுருங்க சம்பந்தி. மேல் ரூமுக்குக் கட்டிலெல்லாம் வந்து எறங்கிருச்சு. ஜன்னலத் தொறந்தா மலை தெரியுமுங்க. உங்க பஸ்ஸு ஏறிப்போறதுகூட அங்கிருந்தே தெரியும்."

உங்க பஸ்ஸு. வேறு யாரோ பிடித்துக்கொண்டு போகிற பேருந்தை ஒரு ஜன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தன்னைக் கோகிலவாணி பார்த்தாள். அந்தப் பேருந்து புள்ளியாகி வளைவில் மறைகிறது. கீழேயிருந்து சாப்பிட வாங்க என்று குரல் வருகிறது. இவள் படியிறங்கிப் போகிறாள், மாப்பிள்ளை வீட்டுச் சோற்றுக்கு, காலத்துக்கும்.

சுண்டுவிரல் திரும்பி வந்தது. பெண்ணைக் கொடுத்தவள் கையைத் தாழ்த்த வேண்டும் என்று சொன்ன அதே அம்மா, கொடுத்த வீட்டில் போய் உட்காரக்கூடாது என்றும் சொல்லித்தான் வளர்த்திருந்தாள். இரண்டில் எது பெரியது என்று கை தானே முடிவு செய்துகொண்டது. நான்காவது வளைவு போனது. ஆறாவது போனது. வலி எங்கோ பக்கத்து வீட்டில் கேட்கிற சண்டை மாதிரி ஆனது. ஒன்பதாவது வளைவில் ஆய்வாளர் போதும் என்றார். கோகிலவாணியின் காதில் அது விழவே இல்லை. வானதியின் காதிலும்தான்.

"அக்கா, விடுங்க. ரெண்டு பேருமே விடுங்க," என்று நஸ்ரின் ஓடி வந்தாள். திரையின் ஓரத்தில் இரண்டு பேருடைய தசையும் எப்போதோ தீர்ந்துவிட்டதாகக் கருவி காட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் பிடித்துக்கொண்டிருப்பது கை இல்லை, வேறு ஏதோ. நஸ்ரின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பத்தாவது வளைவும் போன பிறகு வானதியின் கை மெதுவாகத் தானாகவே திறந்துகொண்டது.

ஆய்வாளர் தேறியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். தூக்கை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தார். யாரும் கூப்பிடாததால் கிளம்பிப் போனார்.

கோகிலவாணிக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவை நாலு பேர் பார்க்கத் தோற்கடித்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் வானதி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்கக்கூட முடியாமல், மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டு.

"மன்னிச்சுருங்க சம்பந்தி. நான் வேணும்னு செய்யலீங்க," என்றாள் கோகிலவாணி.

"நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறீங்க? நானல்லோ கேக்கோணும்." வானதியின் குரல் கரகரத்தது. "நீங்க தோத்துட்டா வேற வழியில்லாம அங்க வந்துருவீங்கன்னு நெனச்சனுங்க. அதுக்குத்தான் இத்தன நாளா உசுரக் குடுத்துப் புடிச்சேன். அத்தாப்பெரிய வூட்டுல பேசறதுக்கு ஒரு ஆளில்லீங்க. காலையில உங்க பஸ்ஸு ஏறறப்ப ஜன்னல்ல நின்னு பாப்பேன். அதுக்குள்ள நமக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு போகுதேன்னு ஒரு சந்தோசம். அந்த ஆளோட பொழப்பையே கெடுக்கப் பாத்தேன் பாருங்க."

நஸ்ரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தைக் காட்டினால் நெஞ்சு எகிறுகிறதா என்று மட்டும்தான் கருவி பார்க்கும், எதற்காக எகிறுகிறது என்று அதற்குத் தெரியாது என்றாள் மெதுவாக. தோற்கப் பிடிக்காத முகத்துக்கும் அடிக்கும், பார்க்க ஏங்குகிற முகத்துக்கும் அடிக்கும். சொல்லிவிட்டு, எதையோ மறந்துவிட்டவள் போல வெளியே போனாள்.

கோகிலவாணிக்கு வெட்கமாக இருந்தது. தினமும் வந்த அந்த ஃபோன்கள், கூடை கூடையாக வந்த கச்சாயம், கஷாயப் பொடி, எல்லாமே பெருமைக்குச் செய்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிவைத்தாளே. ஒரு நாள்கூட, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று திருப்பிக் கேட்கவில்லை. சம்பந்தி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மனுஷி இருப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பசிக்குதுங்களா?" என்று இப்போது கேட்டாள்.

வானதி தலையாட்டினாள். ஆனால் தூக்கைத் திறக்க வேண்டுமே. நஸ்ரின் சொன்ன வட்டி வந்து சேர்ந்திருந்தது. இரண்டு பேருடைய வலது கையும் துவைத்துப்போட்ட துணி மாதிரி கிடந்தது. கோகிலவாணி இடது கையால் தூக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வானதி தன் இடது கையால் கொக்கியை நெம்பினாள். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை மூடி பட்டென்று கழன்று உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அரிசிம்பருப்புச் சாதம், நெய் மணத்தது. இடது கையால் சாப்பிடுவதா என்று வானதி ஒரு கணம் தயங்கினாள். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று கோகிலவாணி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னால அங்க வந்து இருக்க முடியாதுங்க," என்றாள் மென்றுகொண்டே. "உங்க வூடு பிடிக்காம இல்ல. எனக்கு இந்த மலை வேணும். ஆனா நீங்க வரலாமே. காலையில மொத வண்டிக்கு வாங்க. என் பக்கத்துல ஒரு சீட்டு எப்பவும் சும்மாதான் கெடக்குது. எங்கூடப் பேசிட்டே வரலாம், சட்டத்துல வாயப் புடிச்சுக்கச் சொல்லல. மேல போயி ஆளுக்கொரு டீயக் குடிச்சுட்டு எறங்கலாம்."

"ஒரு நாளைக்குங்களா?"

"தெனமும்."

வானதி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு முதுகு நிமிர்ந்தது, பழைய வானதி திரும்பி வந்துவிட்டாள்.

"கடை டீ எல்லாம் வேண்டாங்க சம்பந்தி, வெறும் சுடுதண்ணியா இருக்கும். நம்ம தோட்டத்துப் பால்ல சுக்குத் தட்டிப்போட்டு நானே பிளாஸ்க்குல கொண்டாரேன். நீங்க வாங்கித் தர்றத விட அது நல்லாருக்கும்."

"சரிங்க சம்பந்தி," என்றாள் கோகிலவாணி. இந்த முறை கை தானாகத் தளரவில்லை, அவளாகத்தான் விட்டுக்கொடுத்தாள்.